சாதிக்காய்த் தீவில் ஒரு பகல்

(நமது சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில், சங்க அங்கத்தினரான தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடை விடுமுறையில் நான் கண்டுவந்த தீவுகளைக் குறித்து இன்று சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். கடல் கடந்த நாடுகளைப் பற்றிப் பேசுதற்கு இச்சபையில் என்னினும் தகுதியுடையார் பலர் உளர். அவர்தம் பாட்டனார் காலத்திலேயே பினாங்கும் இரங்கூனும் கொழும்பும் அவர்களுக்குப் பக்கத்து ஊர்களாயிருந்தன. நானோ இருபது ஆண்டுகளாக இலக்கணமும் செய்யுளும் கற்பித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக நடந்து தேய்ந்தவன். கப்பலேறியது இதுவே முதன்முறை. ஆதலின் பிழைகள் காணப்படின் பொறுத்தருள்க.

நான் சொல்லப்போகும் தீவு நம் வீட்டுப் பெண்டிர் அனைவர்க்கும் ஏற்கெனவே பழக்கமானது. அவர்கள் அதன் பெயரை அறியார், அவ்வளவே. பச்சைக் குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கும் வழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வசம்பும் கடுக்காயும் மாசிக்காயும் உரைகல்லில் இழைக்கும்போது உடன் இரண்டு சுற்று இழைக்கப்படும் சாதிக்காய் எங்கிருந்து வந்தது? நாட்டு மருந்துக் கடையிலிருந்து வந்தது என்போம். இன்று மலையாள நாட்டிலும் அது பெருகப் பயிராகிறது. ஆயின் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரையில், உலகத்தில் யார் கையிலிருந்த சாதிக்காயும் ஒரே ஒரு தீவுக்கூட்டத்தில் விளைந்ததாகவே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலே காட்டுச் சாதிக்காய் உண்டெனினும் அதற்கு அந்த மணமில்லை. தாம்பூலத்துக்குச் சேர்க்கும் ஐவகை வாசத்திலே இலவங்கம், ஏலம், கருப்பூரம், தக்கோலம் இவற்றோடு சாதிக்காயையும் நம் முன்னோர் வைத்து எண்ணினரன்றோ? அவர்கள் எண்ணிய காயும் அத்தீவுக் காயேயாகும். அத்தீவுக்கூட்டத்தின் பெயர் பாந்தா. இந்தோனேசியாவின் கிழக்கெல்லைப் பக்கத்தில், மலுக்குத் தீவுகளைச் சேர்ந்ததாய், ஆழ்கடல் நடுவில் சுமார் பத்துச் சிறு தீவுகளாக அது கிடக்கிறது.

சாதி என்னும் சொல்லுக்கு நம் சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஒரு பொருள், மல்லிகைக் கொடியில் ஒரு பொருள், இக்காயில் ஒரு பொருள். இவ்வேடிக்கையை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைப்பது என் வழக்கம். சொல்லின் பொருளை இருபதாண்டு கற்பித்தவன் அப்பொருள் பிறந்த மண்ணை ஒருநாளும் விசாரித்தவனல்லன்.

பயணம் வாய்த்தது என் தம்பியால். அவன் ஆஸ்திரேலியாவில் குடும்பத்தோடு வாழ்பவன். பத்தாண்டுக்குப் பின் அண்ணனும் தம்பியும் பத்து நாள் சேர்ந்திருக்கவேண்டுமென்று அவனே பணம் கட்டி, அம்போன் என்னும் துறைமுகத்திலிருந்து புறப்படும் ஒரு சிறு கப்பலில் எனக்கும் இடம் வாங்கிவிட்டான். பெருங்கப்பல்களைப்போல மூவாயிரம் பேரைச் சுமப்பதன்று அது. பினிசி என்று பெயர்; இரண்டு பாய்மரங்களும் இயந்திரமும் உள்ள மரக்கலம். பிரயாணிகள் பதினால்வர், எங்களைத் தவிரப் பிறரெல்லாம் ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும். இவ்வகைக் கலங்களைச் செலெபிஸ் தீவின் தென்பகுதித் தச்சர்கள் கடற்கரை மணலிலே வைத்துக் கட்டுகிறார்கள். முதலில் வெளிப்பலகைகளை மரவாணிகளால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அதன் பின்னரே உள்விலாச் சட்டங்களைப் பொருத்துவது அவர்கள் மரபு. அக்கலையை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ சபை 2017-ஆம் ஆண்டில் மானிடத்தின் அரும்பாரம்பரியங்களுள் ஒன்றாகப் பதிவு செய்துகொண்டது. கப்பலில் எனக்குச் சைவ உணவு சமைத்த பிள்ளையின் பொறுமையைப் பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு செய்யலாம், இப்போது வேண்டாம்.

என் தம்பி மகளும் உடன் வந்திருந்தாள். வயது பதினொன்று. தமிழ் பேசினால் விளங்கிக்கொள்வாள். விடை ஆங்கிலத்தில் வரும். எழுத்து ஒன்றும் அறியாள். இக்குழந்தையைப் பற்றிப் பின்னரும் சொல்லவேண்டியிருப்பதால் இப்போதே குறிப்பிட்டேன்.

இரவெல்லாம் கடலில் சென்று விடியற்காலையில் கண்விழித்தபோது, இரு தீவுகளுக்கிடையே ஆறுபோன்றதொரு குறுகிய நீர்ப்பாதையில் கப்பல் நுழைந்துகொண்டிருந்தது. வலப்புறத்தில் கூம்பாக ஓங்கி நின்றது குனுங் அப்பி என்னும் எரிமலை. அம்மொழியில் குனுங் மலை, அப்பி நெருப்பு. நெருப்புமலை என்றே பெயர். இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். கடைசியாக 1988-ஆம் ஆண்டு மே மாதத்தில் பொங்கிற்று. அப்போது நெருப்புக்குழம்பு கடலில் இறங்கிய இடம் இன்றும் கரிய தழும்பாகத் தெரிகிறது. அதன் அடியிலே கடலுக்குள் பவளப்பூச்சிகள் மிக விரைவில் மீண்டும் வளர்ந்துவிட்டனவென்று கண்டு ஆராய்ச்சியாளர் வியந்தனராம். எதிர்ப்புறத்தில் நெய்ரா என்னும் தீவு, அதுதான் ஊர். தகரக் கூரைகள், மசூதியின் கோபுரம், அவற்றின்மேல் குன்றின்மீது ஐங்கோணமான ஒரு கோட்டை. காலை ஏழு மணிக்குக் கரையிறங்கி மாலை ஐந்து மணிக்குள் திரும்பவேண்டுமென்று கப்பல் தலைவன் உத்தரவிட்டான்.

எங்களுக்கு வழிகாட்டியாய் வந்தவன் அவ்வூர் இளைஞன், ஆங்கிலம் பேசுவான். முதலில் எங்களை ஒரு சிறு படகிலேற்றி எதிரிலுள்ள லோந்தோர் என்னும் பெரிய தீவுக்கு அழைத்துச் சென்றான். கரையிலிருந்து நெடும்படிக்கட்டு ஏறினால் தோட்டங்கள் தொடங்குகின்றன. தோட்டம் என்றேனேயன்றி, உள்ளே நிற்பவனுக்கு அது காடாகவே தோன்றும். கெனாரி என்னும் பெருமரங்கள் யானைக்கால்போன்ற பட்டைவேர்களைப் பரப்பிக்கொண்டு வானளாவி நிற்க, அவற்றின் நிழலிலே சாதிக்காய் மரங்கள் அடக்கமாக நிற்கின்றன. நேர்வெயிலும் கடற்காற்றும் அம்மரத்துக்கு ஆகா. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. விதையூன்றி ஆறேழாண்டு கழிந்து பூத்தபின்னரே எது எது என்று தெரியுமாதலால், நட்டவன் அதுவரையில் காத்திருக்கவேண்டும்.

காய் எலுமிச்சையினும் சற்றுப் பெரிது, வெளிர்மஞ்சள் நிறம். பழுத்தபோது மரத்திலேயே இரண்டாகப் பிளந்து வாய்திறக்கிறது. உள்ளே நான் கண்ட நிறத்தை எவ்வாறு சொல்வேன்! கரும்பழுப்பான பளபளக்கும் கொட்டை; அதன்மேல் செக்கச்செவேலென்று வலைபின்னினாற்போல ஒரு போர்வை. அப்போர்வையே சாதிபத்திரி. நம் கடைகளில் மஞ்சளோடிப் போன சருகாகக் கிடக்கும் பத்திரியைக் கண்டவர் இந்தச் சிவப்பை நம்பமாட்டார். நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் சிறு கூடைகட்டி, அதிலுள்ள கொக்கியால் காயைப் பறித்துக் கூடையிலேயே விழச்செய்கிறார்கள். கீழே விழுந்தால் நசுங்கும். பத்திரியைக் கையால் உரித்து வெயிலில் காயவைக்கிறார்கள். கொட்டையை வாரக்கணக்கில் உலர்த்துகிறார்கள். உள்ளிருக்கும் பருப்புச் சுருங்கி, ஆட்டினால் கலகலவென்று ஒலிக்கும்போது ஓட்டை உடைத்து எடுக்கிறார்கள். நாம் சாதிக்காய் என்று சொல்வது உண்மையில் காயுமன்று, கொட்டையுமன்று. கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. புறத்தேயுள்ள சதையைச் சர்க்கரைப்பாகில் ஊறவைத்துத் தின்பண்டமாக்குகிறார்கள். துவர்ப்பும் காரமும் கலந்த இனிப்பு, எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மூதாட்டி தன் வீட்டுவாசலில் பாய் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். சொன்ன விலைக்குப் பாதி கேட்டேன். பழக்கதோஷம்! நம்மூர்ச் சந்தையில் கத்திரிக்காய்க்குக் கேட்பதைப்போலவே கேட்டுவிட்டேன். தம்பி முகம் சுளித்தான். உடன்வந்த வெள்ளைக்காரர் எவரும் பேரம் பேசவில்லை. அவள் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்து, மேலும் ஒருபிடி பத்திரியையும் எடுத்துப் போட்டாள். அந்த ஒருபிடி இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. ஏன் என்பது பின்னால் விளங்கும்.

அப்போதுதான் தம்பி மகள் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, “பெரியப்பா, இதற்குத் தமிழில் என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். ஆங்கில எழுத்திலே எழுதிக்கொண்டாள். பின்னர் வழிகாட்டியை நோக்கி, “உங்கள் பாஷையில் என்ன?” என்றாள். “பாலா” என்றான் அவன். மேலுள்ள பத்திரிக்கு? “புலி” என்றான். குழந்தை அதையும் எழுதிக்கொண்டு விட்டிருப்பாள். பண்டிதனாகிய எனக்குத்தான் பொறுக்கவில்லை. பாலா என்பது மலாய்ச்சொல். அதுவும் பழம் என்று பொருள்படும் வடசொல்லாகிய பலம் என்பதினின்று வந்தது. கப்பல் வணிகர் கொண்டுபோய்ச் சேர்த்தது. புலி என்பதோ ஒல்லாந்துச் சொல்லின் திரிபு. நம் காட்டுப்புலிக்கும் அதற்கும் யாதொரு உறவுமில்லை. உலகிலேயே இம்மரம் தோன்றிய மண்ணில், அம்மரத்துக்கு அம்மண்ணின் சொல் எங்கே? இதைக் கேட்டபோது அவ்விளைஞன் சற்றுநேரம் பேசாதிருந்து, “அந்தப் பாஷை இங்கே இல்லை ஐயா, கெய்யில் இருக்கிறது” என்றான்.

அன்பர்களே! இவ்விடையைப் புரிந்துகொள்ள நாம் 400 ஆண்டு பின்னே செல்லவேண்டும். போர்த்துக்கீசியர் 1512-இல் இங்கு வந்தனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஜாவானியரும் மலாயரும் அரபியரும் வந்து வாணிபம் செய்துகொண்டிருந்தார்கள். பாந்தா மக்களுக்கு அரசன் இல்லை. ஒராங் காயா எனப்படும் ஊர்ப்பெரியோர் கூடி எக்காரியத்தையும் முடிவுசெய்வர். நம் பஞ்சாயத்தைப் போன்றதென்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கை எவருக்கு வேண்டுமாயினும் விற்பர். அரிசியும் துணியும் தருபவர் எவராயினும் அவர்களுக்கு நண்பரே. 1602-இல் நிறுவப்பட்ட ஒல்லாந்தரின் கீழ்த்திசைக் கும்பினிக்கு இது பிடிக்கவில்லை. சாதிக்காய் முழுவதும் தமக்கே, தாம் சொல்லும் விலைக்கே விற்கவேண்டுமென்று ஒப்பந்தச் சீட்டுக்களில் கையெழுத்து வாங்கினர். 1609-இல் கோட்டை கட்டத் தொடங்கியபோது அவர்களுடைய கடற்படைத் தலைவனும் சிலரும் பாந்தா மக்களால் கொல்லப்பட்டனர். அப்போது அப்படையிலே இளங்கணக்கனாயிருந்தவன் யான் பீட்டர்சூன் கூன் என்பவன். பன்னிரண்டாண்டு கழித்து, 1621-இல், அவனே கவர்னர் ஜெனரலாகப் பெருஞ்சேனையோடு திரும்பிவந்தான்.

அவன் செய்ததை விரித்துரைக்க நா எழவில்லை. கோட்டையருகே 44 ஊர்ப்பெரியோர்களை அடைத்துவைத்து, மே மாதம் 8-ஆம் நாள் கூலிக்கமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களைக்கொண்டு வெட்டுவித்தான். ஊர்கள் கொளுத்தப்பட்டன. மலையுச்சிக்கு ஓடியவர் பசியால் மாண்டனர்; பாறையினின்று கடலிற் குதித்தவரும் உண்டு. ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரத்துக்கும் குறைவானவரே எஞ்சினரென்று சரித்திரக்காரர் மதிப்பிடுகின்றனர். ஏறக்குறைய 800 பேரைப் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜக்கார்த்தாவுக்கு, ஏற்றுமதி செய்தனர். சில நூறு பேரை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டனர். இம்மரத்தைப் பேணும் முறையைப் பிறருக்குக் கற்பிக்க ஆள் வேண்டுமன்றோ! பிறகு நிலத்தை 68 தோட்டங்களாகக் கூறிட்டுத் தம்மவர்க்குக் கொடுத்து, வேலை செய்ய அடிமைகளைக் கொணர்ந்தனர்.

அவ்வடிமைகள் எந்நாட்டார்? பல நாட்டார். ஜாவா, போர்னியோ, குஜராத்து, மலையாளம். அப்பட்டியலிலே சோழமண்டலக் கரையும் இருக்கிறது. பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டியது 1613-இல். பஞ்சகாலங்களில் நம் கரையோர ஊர்களிலிருந்து அவர்கள் மனிதரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது அவர்களுடைய கணக்குகளிலேயே எழுதப்பட்டிருக்கும் செய்தி. நம் ஆண்டுவிழாக்களில் கடல்கடந்து வாணிபம் செய்த முன்னோரைப் பாராட்டுகிறோம், பாராட்டவேண்டியதே. அதே கடலில், அதே திசையில், விற்கப்பட்டுப் போனவர்களைப் பற்றி எந்த விழாவிலும் யான் கேட்டதில்லை. அவர்களுக்குச் சங்கம் இல்லாமையால் இருக்கலாம்.

இனிக் கெய் என்பது யாது? பாந்தாவுக்குத் தென்கிழக்கே நெடுந்தூரத்தில் உள்ள வேறொரு தீவுக்கூட்டம். 1621-இல் சிலர் தோணிகளில் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தனர். போனவர்கள் இரண்டு ஊர்களைக் கட்டி, அவற்றுக்குப் பாந்தா ஏலி, பாந்தா ஏலாத் என்று தம் தாயகத்தின் பெயரையே வைத்தனர். இன்றளவும் அங்கே சில ஆயிரம் பேர் பழைய பாந்தா மொழியைப் பேசுகிறார்கள். பாந்தாவிலே பாந்தா மொழி இல்லை. அயல்தீவிலே அது உயிரோடிருக்கிறது!

திரும்பும் படகில் இதையே சிந்தித்துக்கொண்டிருந்தேன். நிலமிருந்தால் மொழியிருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். இங்கே நிலமும் மரமும் அப்படியே இருக்க, மொழி போயிற்று. அங்கே நிலமும் மரமும் போக, மொழி நின்றது. வேறுபாடு எதனால்? கெய்க்கு ஓடியவர் கிழவரும் குழந்தையும் கூட்டமாக ஓடினர். பாட்டி பேத்தியிடம் பேசுவதற்கு ஒரு ஊர் இருந்தது. விற்கப்பட்டு வந்தவரோ தனித்தனியே வந்தவர். நம் கரையினின்று சென்ற ஒருத்தி, அம்மரத்தடியில் முதன்முதல் அக்காயைக் கண்டபோது, சாதிக்காய் என்று தனக்குள் சொல்லியிருப்பாள். கேட்டு விடைசொல்ல ஒருவருமில்லை. அவள் பேரன் பாலா என்றே சொன்னான். எனக்குப் பேரம் படிந்து சிரித்த அம்மூதாட்டி எந்த நாட்டார் வழித்தோன்றலோ, அவளும் அறியாள், நானும் அறியேன். அதனால்தான் அந்த ஒருபிடி உறுத்துகிறது.

நம்மவர் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றபோது கூட்டமாகச் சென்றார்கள். சென்ற இடத்தில் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் கட்டிக்கொண்டார்கள். இப்போது நம் பிள்ளைகள் செல்வதெப்படி? ஒரு பெட்டியும் ஒரு நியமன உத்தரவுமாகத் தனித்தனியே செல்கிறார்கள். எவரும் அவர்களை விற்கவில்லை; தாமே விரும்பி, நல்ல சம்பளத்துக்குச் செல்கிறார்கள். அடிமைப்பட்டவனோடு இவர்களை ஒப்பிடுதல் பெருந்தவறு, நான் ஒப்பிடவில்லை. தனியே போவது என்னும் அந்த ஒன்றைமட்டுமே சொல்கிறேன். நம் சங்கத்தின் மாலைத் தமிழ்வகுப்பில் பிள்ளைகள் ஒன்பதுபேராகக் குறைந்துவிட்டமையால் அதனை நிறுத்திவிடலாமா என்பது அடுத்த மாதம் நிர்வாகசபையின் ஆலோசனைக்கு வரவிருக்கிறது. அவ்வகுப்பை நடத்துபவன் நானாதலின் அதுபற்றிப் பேசுதல் முறையன்று. பேசாமலிருக்கவும் இயலவில்லை. அந்த ஒன்பது பேரில் நால்வருடைய தமையன்மார் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

பிற்பகலில் நெய்ரா ஊரைச் சுற்றினோம். 1611-இல் எழுந்த பெல்ஜிகாக் கோட்டையின்மேல் ஏறி மேற்கே நோக்கினால், தொலைவில் ருன் என்னும் சிறுதீவு இருக்கும் திசை தெரிகிறது. ஆங்கிலேயர் அத்தீவின்மேல் தமக்கிருந்த உரிமையை 1667-இல் பிரேடா உடன்படிக்கையின்படி விட்டுக்கொடுக்க, ஒல்லாந்தர் வட அமெரிக்காவிலிருந்த மன்ஹாட்டனை அவர்களுக்கே விட்டார்கள். நியூயார்க்கு நகரத்தின் நடுவிடம் அதுவே. இதைக் கேட்டு எங்களுடன் வந்தவர் யாவரும் வியந்து நகைத்துப் படமெடுத்துக்கொண்டனர். அவர்கள் மிகவும் நல்லவர்கள். எனினும் அங்கிருந்து சில நிமிஷ நடையிலுள்ள பாரிகி ரந்தே என்னும் கிணற்றருகே, கொலையுண்ட ஊர்ப்பெரியோரின் பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னத்தின்முன் நாங்கள் மூவரும் வழிகாட்டியுந்தான் நின்றோம். மற்றவர் கடலாடப் போய்விட்டார்கள். வெயில் கடுமையாயிருந்தது, அவர்களைக் குறைகூறுவதற்கில்லை.

ஆசிரியனாகிய எனக்கு அவ்வூரில் மனநிறைவளித்த இடம் ஒன்றுண்டு. பிற்காலத்தில் இந்தோனேசியாவின் உபஜனாதிபதியான முகம்மது ஹாத்தாவும், பிரதம மந்திரியான சுதான் ஷாரிரும் ஒல்லாந்தரால் 1936 முதல் 1942 வரையில் இங்கே வனவாசம் வைக்கப்பட்டிருந்தனர். ஹாத்தா பதினாறு பெட்டிப் புத்தகங்களோடு வந்திறங்கினாராம். அவர் குடியிருந்த வீட்டில், அத்தீவுப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுத்த பெஞ்சுகளும் கரும்பலகையும் இன்றும் இருக்கின்றன. அப்பெஞ்சில் சற்றுநேரம் அமர்ந்திருந்தேன். தம்பி மகள் கரும்பலகையைக் காட்டி, “சாதிக்காய் என்று தமிழில் எப்படி எழுதுவது?” என்றாள். காட்சிப்பொருளில் எழுதலாகாதென்பதால் அவள் புத்தகத்திலேயே எழுதிக்காட்டினேன். படம் வரைவதைப்போல, ஒவ்வோரெழுத்தையும் வலப்பக்கத்திலிருந்து தொடங்கிப் பார்த்து வரைந்தாள். காலை மட்டும் மிக நீளமாக இழுத்துவிட்டாள்.

ஐந்து மணிக்குக் கப்பலில் சங்கு ஊதினார்கள். இருட்டுவதற்குள் எரிமலை பின்னே போய்விட்டது.

சென்ற வாரம் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலே சொற்கள், தமிழெழுத்து. பெரியப்பா, சாதிக்காய், பத்திரி, கப்பல். முதற்சொல்லில் ஒற்றுப்பிழை, கடைசிச் சொல்லில் மற்றொன்று. இன்னும் விடை எழுதவில்லை, இன்றிரவு எழுதவேண்டும்.